தண்டுக் கடையில் இரண்டு கோப்பை சாக்லேட்

என் கணவரின் உச்சந்தலையில் இரட்டைச் சுழி. கல்யாணமாகி மூன்று வருஷம் அவர் சாப்பிடும்போது நான் பார்த்ததெல்லாம் அந்தச் சுழிகளைத்தான். அவர் மணையில் உட்கார்ந்திருப்பார். நான் குழம்புச் சட்டியும் கரண்டியுமாகப் பக்கத்தில் நிற்பேன். அவர் எழுந்து கை கழுவப் போனதும் மாமியார் உட்காருவார். மாமியாரும் முடித்து எழுந்த பிறகு, கணவர் சாப்பிட்ட இலையிலேயே போட்டுக்கொண்டு, சமையற்கட்டுச் சுவரைப் பார்த்தபடி நான் சாப்பிடுவேன். அந்தச் சுவரில் எத்தனை விரிசல், எது எங்கே போய் முடிகிறது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

இது ஐம்பதுகளில், ஒசூரில். அவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. நான் காவேரிப்பட்டினத்துக்காரி. எங்கள் வீட்டிலும் ஆண்களுக்குத்தான் முதல் பந்தி. அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஏனென்றால் இரண்டாவது பந்தியில் அம்மா, சித்தி, அக்கா தங்கைகள் என்று ஏழு பேர் வட்டமாக உட்காருவோம். முதல் பந்தியில் இல்லாத பேச்சும் சிரிப்பும் எங்கள் பந்தியில் இருக்கும். ஒசூருக்கு வந்த பிறகு என் பந்தியில் நான் ஒருத்திதான். தனியாகச் சாப்பிடுவது இவ்வளவு எரிச்சல் தரும் காரியம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கல்யாணமான புதிதில் அவர் ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போய்விட்டு வந்து ஒரு கதை சொன்னார். வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த கன்டோன்மென்ட் பக்கத்தை நாங்கள் தண்டு என்போம். அந்தத் தண்டில் ஒரு கடையாம். கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாராம். ஒரு மேசையில் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து என்னவோ குடித்துக்கொண்டிருந்தார்களாம்.

"பாலுல சாக்லேட்டக் கரைச்சு, கொதிக்கக் கொதிக்கக் கோப்பையில குடுக்குறான். அந்தம்மா என்னமோ சொல்லுது, அவரு சிரிக்கிறாரு. அத்தனை ஜனங்க நடுவுல, கூச்சமே இல்லாம."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. "என்னையும் ஒருக்கா அங்க கூட்டிக்கினு போங்க" என்றேன். "அதுக்கென்ன, போலாம்" என்றார்.

அந்தப் போலாமை நம்பி மூன்று வருஷம் ஓடிற்று. முதல் வருஷம் மாமியாருக்குக் கால்வலி. இரண்டாவது வருஷம் ஜமாபந்தி என்றார். ஆபீஸ் கணக்கையெல்லாம் மேலதிகாரி வந்து பார்க்கிற அந்த வேலை வருஷம் முழுவதும் நடப்பது போலப் பேசினார். மூன்றாவது வருஷம் அவரே மறந்துவிட்டார். ஒசூரிலிருந்து பெங்களூர் என்ன காசியா, ராமேஸ்வரமா? பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். எங்கள் தெருவில் பாதிப் பேர் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள்; வாரம் ஒருமுறை பெங்களூர் போய் வருவார்கள். நான் மட்டும் வாசலில் நின்று பஸ் புழுதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சாக்லேட் மேல் ஆசை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சாக்லேட் யாருக்கு வேண்டும்? எனக்கு வேண்டியிருந்தது அந்த மேசை. அவருக்கு எதிரே உட்கார வேண்டும். அவர் சாப்பிடும்போது முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவர் வாய்க்குப் போகும் நேரத்திலேயே என் வாய்க்கும் ஏதாவது போக வேண்டும். இதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது, சாக்லேட் என்று சொல்வது சுலபமாக இருந்தது, அதனால் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வருஷம் தை மாதம், பொங்கல் கழிந்து, நான் அரித்த அரிப்பில் ஒரு வழியாகக் கிளம்பினோம். இரண்டு நாள் லீவு. மாமியார் தடுக்கவில்லை. "போறதுதான் போறீங்க, ஒரு எட்டு பெரியவ வீட்டுக்கும் போயிட்டு வந்துருங்க" என்றார். பெரியவள் என்றால் என் நாத்தனார், கணவரின் அக்கா. பெங்களூர்ப் பேட்டையில் இருந்தார். அந்த ஒரு எட்டுக்காக ஒரு மூட்டை புளி, ஒரு மூட்டை ராகி மாவு, இடுப்பு உயரத்துக்கு ஓர் ஊறுகாய் ஜாடி. போதாததற்குச் செய்தி தெருவில் பரவி, ஒருத்தி மூக்குக்கண்ணாடியைச் சரிபார்த்து வரச் சொன்னாள், இன்னொருத்தி ஸ்டவ் திரி கேட்டாள். எங்கள் ஊரில் ஒருவர் பெங்களூர் போகிறார் என்றால் அவர் கை வீசிக்கொண்டு போகக் கூடாது. அப்படிப் போனால் தெருவையே அவமதித்த மாதிரி.

முதல் நாள் முழுவதும் நாத்தனார் வீட்டிலேயே போயிற்று. போனதும் காப்பி, பலகாரம். அது இறங்குவதற்குள் சாப்பாடு. சாயங்காலம் பஜ்ஜி. நான் இரண்டு முறை கணவரிடம் கண்ணால் ஜாடை காட்டினேன். அவர் அக்கா வீட்டுக்காரரோடு நில அளவை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கேட்டே விடலாம் என்று, "அண்ணி, நாங்க தண்டுப் பக்கம் ஒருக்கா போயிட்டு வந்துடறோம்" என்றேன்.

"தண்டுல என்னம்மா இருக்குது?" என்றார் நாத்தனார். "வெள்ளைக்காரன் போயாச்சு. இப்ப அங்க போயி யாரப் பாக்கப் போற? ராத்திரிக்கு ராகிக் களியும் கோழிக் கொழம்பும் வெக்கிறேன், பேசாம இரு."

இருந்தேன். அங்கேயும் ஆண்கள் முதலில் சாப்பிட்டார்கள். நாத்தனார் நல்ல மனுஷி, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட்டார், நிறையப் பேசினார். ஆனால் என் மனசு அந்தப் பேச்சில் இல்லை. பெங்களூர் வரைக்கும் வந்தும் அதே இரட்டைச் சுழியைத்தான் பார்த்தேன் என்ற கடுப்பில் கோழி எனக்கு ருசிக்கவே இல்லை.

மறுநாள் நாலு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். நாத்தனார் காலைப் பலகாரத்தையும் திணித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கும் இலை போடப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக என் கணவர் வாயைத் திறந்து, "இல்லக்கா, இவளுக்கு ஒண்ணு வாங்கித் தரணும்" என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம் தணிந்தது. ஆனாலும் வெளியே வரப் பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. மூக்குக்கண்ணாடியும் ஸ்டவ் திரியும் இன்னும் ஒரு மணி நேரத்தைத் தின்றன.

தண்டில் இறங்கினோம். அவர் வழக்கம் போலப் பத்தடி முன்னால் நடந்தார். தெரு அகலமாக, சுத்தமாக இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் பார்த்த கடை எது என்று அவருக்கு நினைவில்லை. "இந்தப் பக்கம்தான், ஒரு மரம் இருந்துச்சு" என்றார். அந்தத் தெரு முழுக்க மரம்.

முதலில் நுழைந்த கடையில் மேசை நாற்காலியே கிடையாது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் சாக்லேட்டுகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். சதுரம், உருண்டை, இலை வடிவம், தங்கத் தாள் சுற்றியது. வாசனை ஆளைத் தூக்கியது. மாமியாருக்கு ஒரு பெட்டி வாங்கலாம் என்று கணவர் உருண்டையைக் காட்டி விலை கேட்டார். கடைக்காரர் பெருமையாக, "இது உள்ள பிராந்தி ஊத்தினது சார், ரொம்ப உசத்தி" என்றார்.

என் கணவரின் முகம் வெளுத்தது. எங்கள் பக்கம் மதுவிலக்கு அமலில் இருந்த காலம். பெங்களூரிலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் எல்லையில் நிறுத்தி, மூட்டை முடிச்சு முதல் கூஜா வரைக்கும் மோந்து பார்ப்பார்கள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா பிராந்தியோடு பிடிபட்டார் என்றால் வேலை போய்விடும், அது உருண்டைக்குள் இருந்தால் என்ன, சீசாவுக்குள் இருந்தால் என்ன? "வா வா, வெளிய வா" என்று கடையை விட்டு வேகமாக இறங்கிவிட்டார். பிராந்தி ஊற்றாததும் அங்கே இருந்தது. நான் சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் விழவில்லை.

இரண்டாவது கடையில் மேசைகள் இருந்தன. வெள்ளை விரிப்பு, பூச்சாடி எல்லாம் இருந்தன. சூடான சாக்லேட் உண்டா என்று அவர் தமிழில் கேட்டு, கன்னடத்தில் கேட்டு, கடைசியில் இங்கிலீஷிலும் கேட்டார். உண்டு, ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் அடுப்பு மூட்டுவோம் என்றார்கள். நாலு மணிக்கு எங்கள் பஸ். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அதற்கும் ஒரு சமாதானம் சொல்வார் என்பதால் அழவில்லை.

"ஊட்டுக்குப் போயி பாலு காய்ச்சி அதுல ஒரு சாக்லேட்டப் போட்டாப் போச்சு. அதேதான இது?" என்றார் தெருவில் வைத்து.

"அதே இல்ல" என்றேன். நான் சொன்ன தோரணையில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவர் அடுத்த தெருவுக்குத் திரும்பினார்.

மூன்றாவது கடை சின்னது. உள்ளே ஐந்தாறு மேசை. ஒரு மேசையில், சட்டைக்காரர் என்று நாங்கள் சொல்கிற ஆங்கிலோ இந்தியத் தம்பதி உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளைத் தலைப்பாகை கட்டிய பரிமாறுகிறவர் எங்களைப் பார்த்ததும் தமிழிலேயே, "வாங்க, சாக்லேட் ரெடியா இருக்குது. பேமிலி ரூம் அந்தப் பக்கம்" என்று ஒரு திரையைக் காட்டினார். திரைக்குள் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"நீ உள்ள போயி உக்காரு" என்றார் கணவர். "பொம்பளைங்க இருக்குற எடத்துல நான் எப்படி? நான் இங்கியே இருக்கேன். உனக்குக் கொண்டாந்து குடுப்பாங்க."

மூன்று வருஷம் காத்திருந்து, நாத்தனார் வீட்டுக் கோழியையும் தாண்டி, பிராந்தியையும் தாண்டி வந்து, கடைசியில் இன்னொரு சுவரைப் பார்த்து நான் தனியாகக் குடிக்க வேண்டுமாம். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. நான் போய் நடுக் கூடத்தில் ஜன்னலோரம் இருந்த மேசையில் உட்கார்ந்தேன். "நீங்களும் இங்கதான் உக்காரணும். எதிர்ல" என்றேன்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஒசூர்க்காரர் யாரும் இல்லை. நாற்காலியின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடத் தயாராக இருப்பவர் மாதிரி உட்கார்ந்தார். "ரெண்டு" என்றார் பரிமாறுகிறவரிடம்.

கோப்பைகள் வந்தன. வெள்ளைக் கோப்பை, கீழே தட்டு, தட்டில் சின்னக் கரண்டி. ராகிக் கூழின் நிறம். ஆவி பறந்தது. வாசனை மட்டும் முதல் கடையின் வாசனையைக் காய்ச்சி இறக்கியது போல இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். எதிரே அவர் முகம். இரட்டைச் சுழி இல்லை. நெற்றி, மூக்கு, மேலுதட்டில் முளைத்த வியர்வை எல்லாம் தெரிந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு நிமிஷம் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது, அதை நான் மறைக்கவில்லை.

அவர் கோப்பையைத் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் கோப்பையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"என்ன, புடிக்கலியா?" என்றார்.

"இல்லியே. உங்களுக்கு?"

"எனக்கென்ன, நல்லாதான் இருக்குது."

குடிக்காமலே நல்லாயிருக்கிறது என்கிறாரே என்று எனக்கு எரிச்சல். இஷ்டமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார், எழுந்து போவதற்கு நேரம் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஆவி நின்றது. கோப்பையின் ஓரத்திலிருந்து ஏடு படிந்து நடுவுக்கு வந்து சேர்ந்தது. கேக் தின்ற தம்பதி எழுந்து போனார்கள். பரிமாறுகிறவர் வந்து, "ஆறிப் போச்சே சார், சூடு பண்ணிக் குடுக்கட்டுமா?" என்றார். கணவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே கால். "வேணாம் வேணாம், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கோப்பையை எடுத்து மூன்றே மடக்கில் குடித்துக் கீழே வைத்தார்.

அவர் கோப்பையை வைத்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு என் கை தானாக நீண்டு என் கோப்பையை எடுத்தது.

எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நேரமும் நான் எதற்காகக் காத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. மாமியார் அங்கே இல்லை. சமையற்கட்டு இல்லை, இலை இல்லை. கையில் கரண்டியோடு நான் நிற்கவும் இல்லை. சமமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் அவர் குடித்து முடிக்கட்டும் என்று என் கை மடியிலேயே கிடந்திருக்கிறது. ஏடு என் உதட்டில் ஒட்டியது. உள்ளே சில்லிட்டுப் போன இனிப்பும் கசப்பும். அதை விழுங்கினேன். அவர் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வரும்போது மாமியாருக்கு ஒரு சின்னப் பெட்டி சாக்லேட் வாங்கினார். பிராந்தி இல்லையே என்று மூன்று தரம் கேட்டார்.

பஸ்ஸில் எங்களுக்கு டிரைவர் பக்கத்து இடம் கிடைத்தது. எனக்கு யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை, அதனால் அதை அவர் மேல் காட்டினேன். கையிலிருந்த பெட்டியை எதிரே இருந்த இஞ்சின் மூடியின் மேல் பட்டென்று வைத்தேன். "அவ்ளோ தூரம் கூட்டிக்கினு போயி, கல்லு மாதிரி உக்காந்துக்கினு இருந்தீங்களே. குடிச்சிருந்தா என்ன?" என்றேன்.

"நீ குடிப்பேன்னு இல்ல இருந்தேன்" என்றார். "எங்க ஹெட் கிளார்க்கு சொன்னாரு. அந்த மாதிரி கடையில எல்லாம் பொம்பளைங்க ஒரு வாய் குடிச்சப்புறம்தான் ஆம்பள தொடணுமாம். இல்லாட்டி நாட்டுப்புறத்தான்னு சிரிப்பாங்களாம். அதுக்கோசரம்தான் பாத்துக்கினு இருந்தேன். நீ தொடவே இல்ல. சரி, உனக்குப் புடிக்கலன்னு நெனச்சேன்."

அவர் எனக்காக வழக்கத்தை மாற்றத் தயாராக வந்திருக்கிறார். நான் அவருக்காக அதே வழக்கத்தைத் தண்டு வரைக்கும் சுமந்து கொண்டுபோயிருக்கிறேன். ஊறுகாய் ஜாடியையாவது நாத்தனார் வீட்டில் இறக்கி வைத்தேன்.

எல்லையில் பஸ் நின்றது. போலீஸ்காரர் ஏறி வந்து, "பொட்டியில என்னம்மா?" என்றார். திறந்து காட்டினேன். இஞ்சின் சூட்டில் சாக்லேட் முழுவதும் உருகி, தாளும் அதுவுமாக ஒரே சேறு. அவர் குனிந்து மோந்து பார்த்தார், விரலால் தொட்டார், ஒன்றும் புரியாமல் என்னையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சாக்லேட்டுங்க. எங்கம்மாவுக்கு" என்றார் கணவர் பரிதாபமாக. போலீஸ்காரர் விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தோம். மாமியார் அந்தச் சேற்றைக் கரண்டியால் வழித்துத் தின்று, நன்றாக இருக்கிறது என்றார். பிறகு அவரே சோறு வடித்து, ரசம் வைத்து, மகனுக்கு இலை போட்டார். கணவர் மணையில் உட்கார்ந்தார். நான் ரசச் சட்டியோடு வந்து நின்றேன். அவர் இலையைத் தொடாமல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீயும் ஒரு எல போட்டுக்கினு உக்காரு" என்றார்.

மாமியார் முகத்தைப் பார்த்தேன். அவர் தடுக்கவில்லை, கோபப்படவில்லை. இன்னொரு இலையை எடுத்துத் தண்ணீர் தெளிக்கக்கூடத் தொடங்கினார் என்றுதான் நினைவு. இதற்காகத்தானே மூன்று வருஷம் பெங்களூர், பெங்களூர் என்று அரித்தேன்? இங்கேயே, என் வீட்டிலேயே, கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

"நீங்க சாப்புடுங்க. நான் அப்பறம் சாப்புட்டுக்கறேன்" என்று என் வாய் சொன்னது.

அவர் இன்னொரு தரம் சொல்லவில்லை. தலையைக் குனிந்து சாப்பிடத் தொடங்கினார். இரட்டைச் சுழி தெரிந்தது.

மாமியார் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது மகன் வாங்கிப் போட்ட சாப்பாட்டு மேசை இருக்கிறது, நாலு நாற்காலி, கண்ணாடிப் பலகை. ஒசூரிலேயே தெருவுக்குத் தெரு சாக்லேட் கிடைக்கிறது. சுழி இருந்த இடத்தில் அவருக்கு முடியே இல்லை. மத்தியானம் தட்டு வைத்ததும் எதிர் நாற்காலியைக் காட்டி, "உக்காரேன்" என்பார். வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் உட்காருகிறேன், தட்டில் போட்டுக்கொள்கிறேன், சோற்றைப் பிசைகிறேன். அவர் முதல் வாய் எடுத்து வைத்து மென்று விழுங்கும் வரைக்கும் என் கை தட்டிலேயே நிற்கிறது. அந்தக் கை மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை.